ஒரே இரவின் 16 பாடல்கள்

"அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா 1955-இல் வெளியிட்ட 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' என்னும் இசைத்தட்டை, ஒரே கருப்பொருளில் கோத்த ஆல்பங்களுக்கு முன்னோடி என்கிறார்கள். ஆனால் அதிலுள்ள பாடல்கள் பல பேர் பல ஆண்டுகளில் எழுதியவை. கதைத் தொடர்ச்சியும் கிடையாது. காதல் தோல்விப் பாடல்களின் தொகுப்பு என்று சொல்லிவிட்டுப் போகாமல், அதை ஒரு முழுப் படைப்பு என்று ஏன் கொண்டாட வேண்டும்?" என்பது கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். அந்த ஆல்பத்தின் 16 பாடல்களில் புதிதாக எழுதப்பட்டது தலைப்புப் பாடல் ஒன்றே. மற்ற 15 பாடல்களும் 1929-க்கும் 1942-க்கும் இடையே, பெரும்பாலும் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்காகவும், இரவு விடுதிகளின் ஆடல் நிகழ்ச்சிகளுக்காகவும், நடன இசைக்குழுக்களுக்காகவும் எழுதப்பட்டு, சினாட்ரா கையில் எடுப்பதற்குள் பலர் பாடித் தேய்ந்தவை. கோல் போர்ட்டர், டியூக் எலிங்டன், ஹரோல்ட் ஆர்லன், ரோட்ஜர்ஸ்–ஹார்ட் இரட்டையர் என்று ஒருவருக்கொருவர் சாயலே இல்லாத பாடல் படைப்பாளிகள். காதல் பிரிவு என்பதுதான் கருப்பொருள் என்றால் அந்தக் காலத்து அமெரிக்கப் பாடல்களில் பாதியை இதில் சேர்த்துவிடலாம். ஆகவே ஒருமையைப் பாடுபொருளில் தேடினால் கிடைக்காது. இந்த ஆல்பத்தின் கருப்பொருள் ஒரு பொழுது. ஊர் முழுக்க உறங்கிய பிறகு தூக்கம் வராமல் விழித்திருக்கும் ஒருவனின் பின்னிரவு. எந்தப் பாடல், எந்த வாத்தியம், எவ்வளவு வேகம், எந்த வரிசை, அட்டையில் என்ன படம் என்ற ஒவ்வொரு முடிவும் அந்தப் பொழுதுக்குக் கட்டுப்பட்டே எடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் பதில்.

முதலில் 'முன்னோடி' என்ற பட்டத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் அதிகம் கொள்ளாது. அத்தகைய தட்டுகள் சிலவற்றைப் புகைப்பட ஆல்பம் போலக் கட்டிய உறைகளில் சேர்த்து விற்றார்கள். ஆல்பம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. லீ வைலி என்ற பாடகி 1939-லேயே இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பாடல்களை மட்டும் அப்படி ஒரு ஆல்பமாகப் பாடினார். நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி 1940-இல் புழுதிப் புயலில் நிலமிழந்த உழவர்களைப் பற்றி ஒரு முழு ஆல்பமே செய்தார். சினாட்ராவே 1946-இல் நான்கு தட்டுகளில் எட்டுப் பாடல்களை ஒரே மனநிலையில் பாடி வெளியிட்டிருக்கிறார். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல மனநிலையும் கலைந்துவிடும். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோதுதான் ஒரு மனநிலை இருபது நிமிடத்துக்கு மேல் அறுபடாமல் நீடிக்க வழி பிறந்தது. அப்போதும் 12 அங்குலத் தட்டு பெரும்பாலும் செவ்வியல் இசைக்கும் நாடக இசைக்கும்தான். ஜனரஞ்சகப் பாடகர்களுக்கு 10 அங்குலமே போதும் என்று நினைத்தார்கள். சினாட்ராவுக்கு முதல் 12 அங்குல எல்.பி. இந்த ஆல்பம்தான். கடைக்காரர்களுக்கு அதில் முழு நம்பிக்கை இருந்திருக்காது போலும். அதே பாடல்களை இரண்டு 10 அங்குலத் தட்டுகளாகப் பிரித்தும் விற்றார்கள்.

சினாட்ராவின் அப்போதைய நிலையையும் சொல்ல வேண்டும். அளவோடு சொல்ல வேண்டும். நாற்பதுகளில் இளம்பெண்கள் மொய்த்த பாடகருக்கு 1950-இல் மேடையிலேயே தொண்டை கட்டியது. 1952-இல் கொலம்பியா நிறுவனம் கைகழுவியது. மறு ஆண்டு கேப்பிட்டல் நிறுவனம் ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. 'ஃப்ரம் ஹியர் டு இடர்னிட்டி' படத்தில் நடித்ததற்காக 1954-இல் ஆஸ்கர் கிடைத்த பிறகு தொழில் நிமிர்ந்தது; ஆனால் நடிகை ஆவா கார்ட்னருடனான மணவாழ்க்கை இரண்டே ஆண்டில் முறிந்திருந்தது. காதல் சோகத்தைப் பாடக் கற்றுக்கொடுத்தது ஆவாதான் என்று, எந்த வாத்தியம் எங்கே ஒலிக்க வேண்டும் என்று இந்த ஆல்பத்துக்கு அமைத்துக்கொடுத்த இசைக்கோப்பாளர் நெல்சன் ரிடில் பின்னாளில் சொன்னது எல்லோரும் எடுத்துக்காட்டும் செய்தி. உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் துயரப்பட்டவர்கள் எல்லோரும் நல்ல ஆல்பம் செய்வதில்லை என்பதால், அந்தச் செய்தியில் அதிகம் தங்காமல் வேலை எப்படி நடந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது.

தலைப்புப் பாடலை டேவிட் மானும் பாப் ஹில்லியார்டும் எழுதினார்கள். நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தைக் குறிக்கும் 'ஸ்மால் அவர்ஸ்' என்பதைத் தமிழாக்கும்போது 'சிறுபொழுது' என்ற சொல் தானாக நாவில் வருகிறது. நம் இலக்கணத்தில் அது நாளின் எல்லாக் கூறுகளுக்கும் பொதுப்பெயர் என்றாலும், யாமத்துக்கு ஒரு திணை, வைகறைக்கு ஒரு திணை என்று உணர்வைப் பொழுதோடு கட்டிவைத்த மரபில் வந்த வாசகருக்கு, ஒரு பொழுதே ஒரு முழு ஆல்பத்தின் கருப்பொருள் ஆவதில் விந்தை தோன்றாது. பாடலில் நடப்பது எதுவும் இல்லை. உலகம் அயர்ந்து தூங்குகிறது, நீ விழித்துக் கிடக்கிறாய், அவள் ஒரு முறை கூப்பிட்டால் போதும் என்று இருக்கிறாய், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது, இப்பாடல் முழுவதும் 'நீ' என்றே பேசுகிறது. அடுத்ததாக வரும் எலிங்டனின் 'மூட் இண்டிகோ', இந்தச் சோகம் வராதவரை உனக்குச் சோகம் என்றால் என்னவென்றே தெரியாது என்று 'நீ'யில் தொடங்கி, பாதியில் 'நான் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறேன்' என்று 'நானு'க்கு மாறுகிறது. பொதுவாக யாருக்கோ சொல்வதுபோல் ஆரம்பித்தவன், இரண்டாம் பாடலின் நடுவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. 25 ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்ததால் மட்டுமே கிடைத்த விளைவு இது. தனித்தனியே கேட்டால் கிடைக்காது. தொகுப்புக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியவில்லை.

பதிவு 1955 பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஹாலிவுட்டின் கே.எச்.ஜே. ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. தயாரிப்பாளர் வாய்ல் கில்மோர். பாடகரும் இசைக்குழுவும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், இரவில். நெல்சன் ரிடில், டாமி டார்சி என்பவரின் நடன இசைக்குழுவில் டிராம்போன் என்னும் ஊதுவாத்தியம் வாசித்தவர். டெபுஸி, ராவெல் போன்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்களில் ஊறியவர். ஒரு பெரிய இசைக்குழுவை வைத்துக்கொண்டு அதை வாசிக்காமல் இருக்கச் செய்வதுதான் இந்த ஆல்பத்தில் அவருடைய சாமர்த்தியம். சில பாடல்களில் பியானோ அல்லது செலெஸ்டா, கிட்டார், பேஸ், டிரம்ஸ் இவ்வளவே ஒலிக்கின்றன. வேறு சிலவற்றில் வயலின் வரிசை வந்து, குரலை மூடாமல், அறையின் மூலையில் நிற்பதுபோல் நின்றுவிட்டுப் போகிறது. செலெஸ்டா என்பது பியானோவைப் போலக் கட்டைகள் உள்ள வாத்தியம். ஆனால் உள்ளே உலோகத் தகடுகள் தட்டப்படுவதால் சிறு மணிகளின் ஒலி வரும். பியானோக் கலைஞர் பில் மில்லர் அதை வாசிக்கத் தலைப்புப் பாடல் தொடங்கும்போது கடிகாரம் அடிக்கிறதா, தூரத்தில் ஏதாவது மணியா என்று ஒரு கணம் தோன்றும். அந்த மூன்று நான்கு வினாடிகளிலேயே பொழுது நிலைபெற்றுவிடுகிறது. பிறகு அதே செலெஸ்டா ஆல்பத்தில் அங்கங்கே திரும்பி வரும்போதெல்லாம் இன்னும் விடியவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

16 மெதுவான பாடல்களை அடுக்கினால் அலுப்புத் தட்டாதா என்ற அச்சம் இயல்பானது. ரிடில் வேகத்தைத் தொடாமல் நிறத்தை மாற்றுகிறார். 'வாட் இஸ் திஸ் திங் கால்டு லவ்' பாடலுக்குத் தனிக் கிளாரினெட் ஒன்றை முன்னால் விடுகிறார். 'இல் விண்ட்' பாடலில் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவிலிருந்த ஹாரி எடிசனின் அடைப்பு வைத்த டிரம்பெட், பாடகரின் வரிகளுக்கு இடையே முணுமுணுக்கிறது. சொற்களிலும் வேறுபாடு உண்டு. 'கான்ட் வி பி ஃப்ரெண்ட்ஸ்' கேலி கலந்தது. இனி நண்பர்களாக இருப்போமே என்று அவள் சொன்னதைச் சொல்லித் தன்னையே நொந்து சிரிக்கிறவனின் பாட்டு. இந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் மற்றப் பாடல்களின் கனம் நம்மைப் படுத்தியிருக்கும்.

பாடல் தேர்வை நெருங்கிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரு அறையும் அதில் தனியாக ஒரு ஆளும் இருப்பது தெரியும். 'டீப் இன் எ ட்ரீம்' பாடலில் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து புகைபிடிக்கிறான். புகை மேலே எழுந்து படிக்கட்டு ஆகிறது, அதில் அவள் இறங்கி வருகிறாள், இருவரும் ஆடுகிறார்கள். சிகரெட் கையைச் சுட்டுவிட, விழித்துக்கொள்கிறான். கனவை முடித்துவைக்க இதைவிடச் சின்ன நிகழ்ச்சி இருக்க முடியாது. 'டான்சிங் ஆன் தி சீலிங்' பாடலில் படுக்கைக்கு மேலே உத்தரத்தில் அவள் நடனமாடுகிறாள். போர்வைக்குள் ஒளிந்தாலும் விடுவதில்லை. 1930-இல் ஒரு இசை நாடகத்தில் குதூகலமாகப் பாடப்பட்ட பாடல் இது. இந்த வரிசையில் வந்ததால் தூக்கமின்மையின் நோய்க்குறியாக மாறிவிட்டது. 'இட் நெவர் என்டர்டு மை மைண்ட்' பாடலில் சீட்டுக்கட்டை வைத்துத் தனக்குத்தானே ஆடிக்கொள்வதும், காலையில் ஒரு ஆளுக்கு மட்டும் ஆரஞ்சுச் சாறு கொண்டுவரச் சொல்வதும் வருகின்றன. 'ஒரு ஆளுக்கு மட்டும்' என்பதில் இருக்கும் வெறுமையைப் பாடலாசிரியர் லொரென்ஸ் ஹார்ட் ஒரு பழச்சாற்றில் வைத்துவிட்டார். சினாட்ரா அந்த இடத்தில் அழுத்தம் எதுவும் தராமல் உணவகத்தில் சொல்வதுபோலவே சொல்லிச் செல்கிறார்.

'ஐ கெட் அலாங் வித்அவுட் யூ வெரி வெல்' பாடலுக்குத் தனிக் கதை உண்டு. ஹோகி கார்மைக்கேல் அதன் சொற்களைப் பத்திரிகையில் வந்த ஒரு கவிதையிலிருந்து எடுத்து மெட்டமைத்தார். கவிதையின் கீழே பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் இருந்தன. பாடலை வெளியிட அனுமதி வேண்டுமே என்று எழுதியவரைத் தேடினார்கள். வானொலியில் அறிவிப்புக்கூடச் செய்தார்கள். ஒருவழியாக ஜேன் பிரவுன் தாம்சன் என்ற பெண்மணி கண்டுபிடிக்கப்பட்டார். 1939 ஜனவரியில் பாடல் முதன்முதலாக வானொலியில் ஒலிப்பதற்கு முந்தைய இரவு அவர் காலமானார். 'நீ இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறேன். மழை பெய்து இலையில் சொட்டும்போது மட்டும்தான்...' என்று விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டே போகும் பாட்டு அது. சினாட்ரா 'நன்றாகத்தான்' என்ற சொல்லை நம்பிச் சொல்வதுபோல் பாடுகிறார். பொய் சொல்கிறேன் என்று கேட்பவருக்குக் கண்ணடித்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

இனி வரிசை. தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுப் பாடல்கள். முதல் பக்கம் விழித்திருக்கும் பொழுதைச் சொல்லித் தொடங்கி, 'வென் யுவர் லவர் ஹாஸ் கான்' என்று பிரிவை நேராகச் சொல்லி முடிகிறது. எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால், காதல் என்கிற இது என்னதான் என்ற கோல் போர்ட்டரின் கேள்வியோடு இரண்டாம் பக்கம் திறக்கிறது. 'என்னுடைய இந்தக் காதல்' என்று பொருள்படும் 'திஸ் லவ் ஆஃப் மைன்' பாடலோடு முடிகிறது. பொதுக் கேள்வியில் தொடங்கிச் சொந்தக் காதலில் வந்து நிற்பது தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் நான் இந்த ஆல்பத்தைப் பல வருடம் கைப்பேசியில் வரிசை குலைத்துக் கேட்டு, இனிமையான பின்னணி இசை என்று நினைத்திருந்தவன். ஒரு நண்பர் வீட்டில் தட்டாகக் கேட்ட இரவில்தான் நடுவில் வரும் அந்த மௌனம், ஊசியை எடுத்துத் தட்டைப் புரட்டும் அரை நிமிடம், ஆல்பத்தின் பகுதியே என்று புரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 'லாஸ்ட் நைட் வென் வி வேர் யங்' இந்த ஆல்பத்துக்கென்று பதிவானதே கிடையாது, 1954 மார்ச்சில், ஏறக்குறைய ஓராண்டு முன்பே, பாடி வைத்திருந்ததை எடுத்துச் சேர்த்தார்கள். கேட்பவருக்கு ஒட்டு தெரியாது.

சினாட்ரா ஜாஸ் பாடகர்தானா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லில்லாத அசைகளை வைத்து அவர் கற்பனைச் சுரம் பாடியவரல்லர். ஆனால் ஒரு வரியை எங்கே மூச்சுவிட்டு முறிப்பது, எந்தச் சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்து வைப்பது என்பதில் அவர் ஜாஸ் வாத்தியக்காரர்களின் வழியில் சென்றவர். டாமி டார்சியின் குழுவில் 1940 முதல் 1942 வரை இருந்தபோது, டார்சி டிராம்போனில் மூச்சு தெரியாமல் நீண்ட வரியை வாசிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தே கற்றதாக சினாட்ரா சொல்லியிருக்கிறார். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் சினாட்ராவை விரும்பிக் கேட்டார். சொற்களைப் பிரித்து வைக்கும் முறையை சினாட்ராவிடமிருந்தும் கற்றதாக ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன்வரலாற்றில் எழுதினார். இந்த ஆல்பத்தில் வேறொரு திறமையும் தேவைப்பட்டது. பின்னிரவில் யாரும் உரக்கப் பாடுவதில்லை; மைக்குக்கு மிக அருகில் நின்று, வல்லின ஒலிகள் வெடிக்காமல் முகத்தை விலக்கி, மெல்லச் சொல்ல வேண்டும். மைக்கையே தன் வாத்தியமாகக் கருதிய பாடகரால்தான் அது முடியும்.

மற்றக் கருப்பொருள் ஆல்பங்களோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956-இல் கோல் போர்ட்டரில் தொடங்கிய பாட்டுப் புத்தக வரிசை மகத்தானது. ஆனால் அங்கே பாடல்களைக் கட்டுவது இசையமைப்பாளரின் பெயர், எந்தப் பாடலை எங்கே மாற்றி வைத்தாலும் பெரிய இழப்பில்லை. ஜூலி லண்டன் அதே ஆண்டில் மாதத்துக்கு ஒரு பாடல் என்று செய்த 'காலண்டர் கேர்ள்' ஒரு சுவையான விளையாட்டு. சினாட்ராவே 1958-இல் இசைக்கோப்பாளர் பில்லி மேயுடன் செய்த 'கம் ஃப்ளை வித் மீ' ஊர்ப் பெயர்களைக் கோத்த உல்லாசப் பயணம். அதே ஆண்டின் 'ஒன்லி தி லோன்லி' மட்டுமே இதற்குச் சமமாக நிற்கும். அதில் ரிடிலின் இசைக்கோப்பு இன்னும் ஆழமானது, இசைக்குழு பெரியது. எனக்கோ அங்கே ஒரு மேடை தெரிகிறது, இங்கே ஒரு அறை தெரிகிறது. அறையே போதும் என்பேன்.

குறை இல்லாமலில்லை. 'ஐ சீ யுவர் ஃபேஸ் பிஃபோர் மீ' சற்றுச் சர்க்கரை கூடியது. 'ஐ'ல் நெவர் பி தி சேம்' வரும்போது கவனம் கொஞ்சம் தளரும். ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ஆல்பத்தில் இரண்டைக் கழித்திருந்தால் இறுக்கம் கூடியிருக்கும் என்று நினைப்பேன், பிறகு எதைக் கழிப்பது என்று முடிவுக்கு வர முடியாமல் விட்டுவிடுவேன். அட்டைப்படமோ கச்சிதம்: நீலம் பூத்த ஆளற்ற தெரு, விளக்குக் கம்பம், தொப்பியும் சிகரெட்டுமாகத் தனியே நிற்கும் மனிதன். பாடகர் டாம் வெயிட்ஸ் 1974-இல் தன் ஆல்பம் ஒன்றுக்கு அந்தப் படத்தின் சாயலிலேயே அட்டை போட்டுக்கொண்டார்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் ஒன்று செய்யுங்கள். கடைசிப் பாடலான 'திஸ் லவ் ஆஃப் மைன்' சினாட்ராவின் பெயரும் பாடலாசிரியர்களில் ஒன்றாக உள்ள பாடல்; டார்சியின் குழுவோடு 1941-இல், 25 வயதில், நடனத் தளத்துக்கேற்றபடி பாடியது. அந்தப் பழைய பதிவை முதலில் கேளுங்கள்: அழகான குரல், குறையில்லாத சுருதி, துயரம் இன்னும் வந்து சேராத இளைஞன். பிறகு 1955 தட்டை முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேட்டு அதே பாடலுக்கு வாருங்கள். அதே சொற்கள்தான். சூரியனையும் நிலவையும் விண்மீன்களையும் பார்த்து, இந்தக் காதல் என்னவாகும் என்று அவன் கேட்பதோடு தட்டு முடிந்துவிடுகிறது.